ஆசிரியர் நாற்காலியும் அமானிதமே!

 

கதை, கவிதைப் பத்திரிகை நடத்துகிறவர்கள் எப்படி நடந்து கொண்டால் நமக்கென்ன? ஜமாஅத், மக்தப், வட்டிக் கொடுமை, வேலைவாய்ப்பு என்று பேசுவதற்கு ஆயிரம் பிரச்சினைகள் இருக்க, இலக்கியப் பத்திரிகை ஆசிரியர்களைப் பிடித்துக் கொண்டு ஒரு மவ்லவி ஏன் எழுத வேண்டும்? இந்தத் தலைப்பைப் பார்த்தவுடன் உங்களில் பலர் இப்படித்தான் கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. பதிலையும் கேளுங்கள்.

அல்குர்ஆனின் 83வது அத்தியாயம் அளவில் மோசடி செய்பவர்களைக் கண்டித்துத் தொடங்குகிறது. தனக்கு வாங்கும்போது நிறைத்து வாங்கிக் கொள்பவன், பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைத்து விடுகிறான். இவனைப் பற்றித்தான் அங்கே எச்சரிக்கை. இந்த வசனங்களை நாம் அரிசிக் கடைக்கும் நகைக் கடைக்கும் மட்டும் ஒதுக்கி வைத்து விட்டோம். சந்தாவை முழுதாக வாங்கிக் கொண்டு, கதை எழுதிக் கொடுத்தவனுக்குப் பதில்கூடப் போடாத பத்திரிகை ஆசிரியரின் கையில் இருப்பதும் தராசுதான். இதை யார் மறுக்க முடியும்?

இது நமக்கு அந்நியமான துறையும் அல்ல. உமறுப் புலவரின் சீறாப்புராணம் ஏட்டுச் சுவடிகளில் சிதறிக் கிடந்தபோது, அதைத் தேடித் திரட்டி 1842ம் ஆண்டு அச்சில் கொண்டு வந்தவர் ஓர் ஆலிம்; செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள். இலங்கையில் 1882ம் ஆண்டு ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை அவர்கள்தாம் 1885ல் ‘அசன்பே சரித்திரம்’ என்ற நாவலையும் தந்தார். தமிழகத்தில் பா. தாவூத்ஷா அவர்கள் ‘தாருல் இஸ்லாம்’ நடத்தினார். பதிப்பிப்பதும் பத்திரிகை நடத்துவதும் நம் முன்னோர் கையில் இருந்த வேலை. அதன் ஒழுங்கைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. உரிமை மட்டுமல்ல, கடமையும் உண்டு.

அனுப்பிய கதை எங்கே போனது?

சிற்றூரில் ஓர் இளைஞன் இருக்கிறான். பகலில் கடையில் வேலை. இரவில் கண் விழித்து ஒரு கதை எழுதுகிறான். பத்திரிகைக்கு அனுப்புகிறான். ஒரு மாதம் ஆகிறது, பதில் இல்லை. ஆறு மாதம் ஆகிறது, பதில் இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. வேறு பத்திரிகைக்கு அனுப்பலாமா என்றால், “ஒரே படைப்பை இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது” என்று அதே ஆசிரியர் விதி போட்டிருக்கிறார். விதி எழுதுகிறவனுக்கு மட்டும்தானா? ஆசிரியருக்கு ஒரு விதியும் கிடையாதா?

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது அல்லாஹ்வின் கட்டளை (4:58). ஒருவன் நம்பி அனுப்பிய கையெழுத்துப் பிரதி அமானிதமா, இல்லையா? தபாலில் வந்தாலும் ஈமெயிலில் வந்தாலும் வாட்ஸ்அப்பில் வந்தாலும் அமானிதம் அமானிதம்தான். அதைப் பிரசுரிக்க வேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இல்லை. நிராகரிப்பது அவர் உரிமை. ஆனால் ‘இல்லை’ என்று ஒரு வார்த்தை சொல்லாமல் ஒருவனைக் காக்க வைப்பது எந்த உரிமை?

நம் நாட்டின் பிரஸ் கவுன்சில் வகுத்துள்ள பத்திரிகை நடத்தை நெறிகளிலேயே இது பற்றிக் கூறப்பட்டுள்ளது. கேட்காமல் வந்த படைப்பைத் திருப்பி அனுப்பும் கட்டாயம் பத்திரிகைக்கு இல்லை. ஆனால் தபால்தலை ஒட்டிய உறையும் கூடவே வந்திருந்தால் திருப்பி அனுப்ப எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது அந்நெறி. இன்றைக்குத் தபால்தலைச் செலவுகூட இல்லை. இரண்டு வரி ஈமெயில் போதும். அதற்கும் மனம் இல்லையென்றால் இதை வேலைப்பளு என்று சொல்லாதீர்கள். ஆணவம் என்று சொல்லுங்கள்!

யார் கொடுத்த கத்தி?

அடுத்த கொடுமை, எழுதியவனைக் கேட்காமல் எழுத்தை வெட்டுவது. எழுத்துப்பிழை, சந்திப்பிழை திருத்துவதை யாரும் குறை சொல்லவில்லை. கதையின் முடிவையே மாற்றி விடுவது, ஒரு பாத்திரத்தை நீக்கி விடுவது, கவிதையில் நான்கு வரியைத் தூக்கி விட்டு அவன் பெயரிலேயே அச்சிடுவது. இதற்குப் பெயர் என்ன? அவன் சொல்லாததை அவன் சொன்னதாக ஆக்குவதற்குப் பெயர் பொய் அல்லவா?

ஹதீஸ் கலை அறிஞர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் பாருங்கள். ஹிஜ்ரி 643ல் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தமது புகழ்பெற்ற முகத்திமாவில் இதை விளக்குகிறார்கள். மூலப் பிரதியில் பிழை கண்டால் அதை அப்படியே விட்டு விட்டு, அந்த இடத்தில் ஓர் அடையாளம் இட்டு, சரியானதை ஓரத்தில் எழுதுவதே மேலானது என்கிறார்கள். அதாவது, பிழை என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில்கூட அடுத்தவர் வாசகத்தின் மீது கை வைக்கத் தயங்கினார்கள். பிழையே இல்லாத இடத்தில், தன் ரசனைக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகக் கத்தியைத் தீட்டுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டாமா?

மார்க்கம் சொன்னால் ஏற்க மாட்டோம் என்பவர்களுக்குச் சட்டத்தைக் காட்டுகிறோம். 1957ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 57வது பிரிவு. தன் படைப்பைத் தன்னுடையது என்று உரிமை கோரவும், தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் எழுதியவனுக்கு உரிமை உண்டு. பதிப்புரிமையை விற்று விட்ட பிறகும் இந்த உரிமை அவனை விட்டுப் போவதில்லை. அதே சட்டத்தின் 19வது பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும் என்கிறது. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடவில்லையானால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். “எங்கள் பத்திரிகையில் வந்த கதை எங்களுக்கே சொந்தம்” என்று வாய்மொழியாக மிரட்டுகிறவர்களிடம் இந்தப் பிரிவைக் காட்டுங்கள்.

தோப்பில் முஹம்மது மீரான் அவர்களை நினைத்துப் பாருங்கள். மலையாள வழியில் படித்தவர். தேங்காய்ப்பட்டணத்து மக்களின் பேச்சை அப்படியே எழுதியவர். அவருடைய ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’ 1988ல் நூலாக வந்தது. ‘சாய்வு நாற்காலி’ 1997ல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. ‘இது நல்ல தமிழ் இல்லையே’ என்று ஒரு மேதாவி ஆசிரியர் அந்தப் பேச்சு மொழியைப் புத்தகத் தமிழாகத் திருத்தி இருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? அந்தக் கடற்கரை மக்களின் குரலே போயிருக்கும். அடுத்தவன் மொழி தனக்குப் புரியவில்லை என்றால் அவனிடம் கேட்க வேண்டும். கேட்பது கௌரவக் குறைவு அல்ல.

கூலி எங்கே?

“சிறுபத்திரிகை நஷ்டத்தில் நடக்கிறது. இலக்கியம் சேவை. இதில் பணம் கேட்கலாமா?” என்பார்கள். சிறுபத்திரிகையின் வறுமையை நாம் மறுக்கவில்லை. சி.சு. செல்லப்பா 1959ல் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி, புத்தகங்களைத் தாமே தூக்கிச் சுமந்து ஊர் ஊராகக் கொண்டு போய் விற்றார். அந்தத் தியாகத்தை மதிக்கிறோம். ஆனால் அவர் சுமந்தது தம் தோளில். இன்றைக்குச் சிலர் அடுத்தவன் தோளில் சுமையை ஏற்றி விட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுகிறார்களே!

காகிதம் விற்கிறவனுக்குப் பணம் உண்டு. அச்சகத்துக்குப் பணம் உண்டு. பைண்டிங் செய்கிறவனுக்கும் தபால் துறைக்கும் பணம் உண்டு. இவர்களில் யாரிடமும் “இது சேவை” என்று சொல்ல முடியாது. சொன்னால் மறுநாள் வேலை நடக்காது. எழுதுகிறவனிடம் மட்டும் சேவை பேசுவது ஏன்? அவன் கேட்க மாட்டான் என்ற தைரியம்தானே!

ஒருவனை வேலைக்கு அமர்த்தி, வேலையை முழுதாக வாங்கிக் கொண்டு, கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கேட்டு வாங்கிய கட்டுரைக்குச் சொன்ன தொகையைத் தராதவர் இந்த எச்சரிக்கையை நினைத்து நடுங்க வேண்டும். பணம் தர வசதி இல்லையா? முதலிலேயே சொல்லி விடுங்கள். “சன்மானம் கிடையாது, இரண்டு பிரதிகள் அனுப்புவோம்” என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒப்புக் கொண்டவன் தரட்டும். நிபந்தனை தெளிவாக இருந்தால் அது ஒப்பந்தம். தெளிவில்லாமல் நம்ப வைத்து வாங்கினால் அது ஏமாற்று. நமது ஃபிக்ஹு நூல்களில் கொடுக்கல் வாங்கல் பாடத்தின் உயிர்நாடியே இதுதான்.

தன் வீட்டுச் சரக்குக்குத் தானே சான்றிதழா?

பத்திரிகையும் அவருடையது. பதிப்பகமும் அவருடையது. அந்தப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கு அந்தப் பத்திரிகையில் மதிப்புரை. மதிப்புரை எழுதியவரின் நூல் அடுத்த மாதம் அதே பதிப்பகத்தில். அதற்கு மதிப்புரை எழுதுகிறவர் முந்தைய நூலின் ஆசிரியர்! இப்படியே சக்கரம் சுற்றுகிறது. வாசகனோ இதை நடுநிலையான விமர்சனம் என்று நம்பி, காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறான். மதிப்புரையின் கீழே “இது எங்கள் வெளியீடு” என்று ஒரே ஒரு வரி போட்டால் என்ன குறைந்து விடும்? வியாபாரம் குறைந்து விடும், அவ்வளவுதான்.

இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஆசிரியர்களில் ஒருவர் அலீ இப்னுல் மதீனீ (ரஹ்). ஹிஜ்ரி 234ல் மறைந்தவர். அறிவிப்பாளர்களை எடை போடுவதில் ஈடு இணையற்றவர். அவருடைய சொந்தத் தந்தையாரும் ஹதீஸ் அறிவிப்பவர். தந்தையின் தரம் பற்றி அவரிடமே கேட்டார்கள். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்று தவிர்த்தார். மீண்டும் வற்புறுத்தினார்கள். தலையைக் குனிந்து கொண்டார். பிறகு தலை நிமிர்ந்து, இது மார்க்க விஷயம், என் தந்தை பலவீனமானவர் என்று தீர்ப்பளித்தார்.

சகோதரர்களே! இதை இரண்டு தடவை படியுங்கள். முதலில் என்ன செய்தார்? இதில் தமக்கு உறவு இருக்கிறது, எனவே தாம் சொல்வது சரியல்ல என்று விலகினார். விலக முடியாது என்று ஆனபோது உறவைப் பார்க்காமல் உண்மையைச் சொன்னார். ஓர் ஆசிரியருக்குத் தேவையான ஒழுக்கம் முழுவதும் இந்த ஒரு சம்பவத்தில் அடங்கி இருக்கிறது. நண்பனின் கவிதைக்கும் அந்நியனின் கவிதைக்கும் ஒரே தராசு. அது முடியவில்லையா, தீர்ப்புச் சொல்லும் இடத்திலிருந்து எழுந்து விடு!

நம்மைப் பற்றி எழுதும்போது மட்டும்...

இப்போது நமக்கு மிகவும் வலிக்கிற இடத்துக்கு வருவோம். இலக்கியப் பத்திரிகைகளில் முஸ்லிம் பாத்திரங்கள் வருகின்றன. வரட்டும். நமது குறைகளையும் எழுதட்டும். கைக்கூலி வாங்கி மணம் முடிக்கிறவன் நம்மில் இல்லையா? சகோதரியின் வாரிசுப் பங்கை விழுங்கியவன் நம்மில் இல்லையா? ஜமாஅத் நிர்வாகம் என்ற பெயரில் ஏழையை மிரட்டுகிறவன் இல்லையா? இவற்றை எழுதுகிறவனை நாம் எதிரி என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

ஆனால் எழுதுகிறவன் விசாரித்து எழுத வேண்டும். விசாரிக்காமல் எழுதியதை ஆசிரியர் தடுத்து நிறுத்த வேண்டும். ஜனாஸாத் தொழுகையில் ருகூவும் ஸஜ்தாவும் கிடையாது. மக்தபில் ஓதும் பத்து வயதுப் பிள்ளைக்கு இது தெரியும். ஒரு கதையில் மய்யித்தை முன்னால் வைத்துக் கொண்டு எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்தார்கள் என்று வந்தால், அந்த ஆசிரியர் ஒரு முஸ்லிமிடம்கூடக் காட்டாமல் அச்சுக்கு அனுப்பி இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? தர்காவும் பள்ளிவாசலும் ஒன்றே என்று எழுதுவதும், கணவனை இழந்த பெண்ணின் இத்தாவை ஆயுள் தண்டனை போலச் சித்திரிப்பதும் அந்த ரகம்தான். அதன் கால அளவு நான்கு மாதம் பத்து நாள் என்று குர்ஆனிலேயே இருக்கிறது (2:234). வேளாண்மை பற்றிக் கதை எழுதினால் நாற்று நடும் மாதம் தவறக் கூடாது என்று பார்க்கிறீர்கள். ஒரு சமுதாயத்தின் வாழ்க்கையைப் பற்றி எழுதினால் எதையும் பார்க்க வேண்டாமா?

தீயவன் ஒரு செய்தி கொண்டு வந்தால் தீர விசாரிக்க வேண்டும். இல்லையேல் அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்து விட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்று எச்சரிக்கிறது திருமறை (49:6). கற்பனைக் கதைக்கு இது பொருந்துமா என்று கேட்பார்கள். பாத்திரம் கற்பனை. ஊர் கற்பனை. ஆனால் அதைப் படித்து விட்டு வாசகன் வெறுப்பது கற்பனை முஸ்லிமை அல்ல; பக்கத்து வீட்டில் குடியிருக்கும் முஸ்லிமை! வீடு வாடகைக்குக் கேட்டுப் போகிறபோது அந்த வெறுப்பின் விலையை நம் பிள்ளைகள்தாம் கொடுக்கிறார்கள்.

இன்னொரு அநீதியும் உண்டு. மறுப்பு எழுதி அனுப்பினால் போடுவதில்லை. போட்டாலும் பாதியை வெட்டி, கூர்மையான வாதத்தை நீக்கி, கீழே ஆசிரியர் குறிப்பு என்று பத்து வரி கேலி சேர்த்துப் போடுவது. அடித்தவன் கையிலேயே தீர்ப்பும் இருந்தால் அடிபட்டவன் எங்கே போவான்? பிரஸ் கவுன்சிலுக்குப் போனால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் மட்டுமே அதற்கு அதிகாரம். ஆகவே ஆசிரியரின் மனசாட்சிதான் இங்கே கடைசி நீதிமன்றம்.

நம் வீட்டுக் குப்பை

அடுத்தவர்களை மட்டும் சொல்லி விட்டு முடித்தால் நாமும் குறைத்து அளந்தவர்கள் ஆவோம். நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரி என்பதே மார்க்கத்தின் போதனை (4:135).

நமது சமுதாயப் பத்திரிகைகளின் நிலை என்ன? மாநாட்டு மலர் என்றால் விளம்பரம் தந்த தனவந்தரின் ‘கவிதை’ முதல் பக்கத்தில். யாப்பும் இல்லை, கருத்தும் இல்லை, காசு இருக்கிறது! வேறு ஊர்ப் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் பெயரை எடுத்து விட்டு அப்படியே போடுகிறார்கள். கேட்டால் “தீனுடைய காரியம்தானே” என்கிறார்கள். அறிவிப்பாளரின் பெயரை மறைப்பதற்கு ‘தத்லீஸ்’ என்று பெயர் வைத்துக் கண்டித்தார்கள் நம் இமாம்கள். தீனுடைய காரியத்தில்தான் அப்படிக் கண்டித்தார்கள்! இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸை உருக்கமான கதையாக்கிப் போடுகிறார்கள். லட்சக்கணக்கான அறிவிப்புகளிலிருந்து சில ஆயிரத்தை மட்டும் தேர்ந்தெடுக்கப் பதினாறு ஆண்டுகள் உழைத்த இமாம் புகாரியின் பெயரைச் சொல்லிக் கொண்டு, கேட்டதையெல்லாம் அச்சிடுகிறோம்.

பெண் ஒருத்தி நல்ல கதை எழுதி அனுப்பினால் ‘இவளுக்கு எதற்கு இது’ என்று ஓரங்கட்டுகிற ஆசிரியர் நம்மிடம் இல்லையா? அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கு மேல். பெண் சொன்னாள் என்பதற்காக எந்த இமாம் அவற்றை ஒதுக்கினார்?

வாசகரே, உங்கள் வேலை என்ன?

“எல்லாம் சரி, நான் என்ன செய்ய?” என்று கேட்கிறீர்களா? நிறையச் செய்யலாம்.

நீங்கள் சந்தா கட்டும் எந்தப் பத்திரிகையானாலும் அதன் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். ஆறே கேள்விகள்.

1. படைப்புக்கு எத்தனை நாளில் பதில் சொல்வீர்கள்?

2. திருத்தினால் எழுதியவருக்குக் காட்டி ஒப்புதல் வாங்குவீர்களா?

3. சன்மானம் உண்டா, இல்லையா?

4. உங்கள் பதிப்பக நூலுக்கு மதிப்புரை வந்தால் அதை வெளிப்படையாகச் சொல்வீர்களா?

5. ஒருவரையோ ஒரு சமுதாயத்தையோ பற்றி எழுதினால் விசாரித்துப் போடுவீர்களா?

6. மறுப்பை முழுதாகவும், தவறு நேர்ந்தால் திருத்தத்தையும் கண்ணில் படும் இடத்தில் போடுவீர்களா?

இந்த ஆறுக்கும் பதிலைப் பத்திரிகையின் உள் அட்டையில் அச்சிடச் சொல்லுங்கள். கால் பக்கம்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு பிரதியிலும் ஆசிரியர் பெயரை அச்சிட வேண்டும் என்று விதித்தது 1867ம் ஆண்டின் பழைய பத்திரிகைச் சட்டம். அதற்குப் பதிலாக 2023ல் புதிய சட்டம் வந்து 2024 மார்ச்சில் நடைமுறைக்கும் வந்து விட்டது. பெயர் போடச் சொன்னது பெருமைக்காக அல்ல. பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதற்காக!

இந்தக் கேள்விகளை நமது பத்திரிகைகளிடமும், இந்தப் பத்திரிகையிடமும் கேளுங்கள். எங்களை விட்டு விடாதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். பிடிக்காத கதை வந்து விட்டது என்பதற்காகப் போனில் திட்டுவது, ஊர்விலக்கு என்று மிரட்டுவது, வீட்டு வாசலில் கூட்டம் கூட்டுவது. இது நமது வழி அல்ல. ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகை நம்மை நீதி தவறச் செய்து விடக் கூடாது (5:8). மக்கத்துக் கவிஞர்கள் நபி (ஸல்) அவர்களை இழித்துப் பாடினார்கள். அதற்கு நபியவர்கள் ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே மேடை அமைத்துக் கொடுத்தார்கள். கவிதைக்குப் பதில் கவிதை! எழுத்துக்குப் பதில் எழுத்து. நம் பிள்ளைகளை எழுதப் பழக்குவோம். கையெழுத்துப் பிரதியோடு அவர்கள் வந்து நிற்கும்போது, அதை அமானிதமாக வாங்கி வைத்துக் கொள்ளும் ஆசிரியர்களையும் உருவாக்குவோம்.

செவி, பார்வை, இதயம் ஒவ்வொன்றும் விசாரிக்கப்படும் (17:36). அப்படியானால் பேனாவும் விசாரிக்கப்படும். பேனா எழுதியதைப் போடவும் தள்ளவும் அதிகாரம் பெற்றவனும் விசாரிக்கப்படுவான்.

வாங்கும்போதும் கொடுக்கும்போதும் ஒரே அளவாக அளக்கும் மக்களாக நம் அனைவரையும் அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.